மெங் கடையின் முதல் கிண்ணம்

சுவிஸ் நாட்டின் கூர் நகரத்தில் பிளெசூர் ஆற்றை ஒட்டி இருக்கும் மெங் கடையில் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள், சீனாக்காரனின் கைப்பக்குவம் வேறுதான் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். உள்ளே வியர்வை வழிய இரும்புச்சட்டியைக் குலுக்கிக்கொண்டு நிற்பவர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிச் சிவநேசன் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? சொல்லித்தான் என்ன? இந்த நாட்டில் இத்தாலிக்காரன் கடையில் பீட்சா போடுகிறவனும் எங்கடை தமிழ் ஆள்தான். நாக்குக்கு ருசியாக இருந்தால் சரி.

சிவநேசனுக்கு அறுபது வயது கிட்ட. வழுக்கை, பூனைக்கண், பேச்சு குறைவு. சாப்பாட்டை எறிகிறவர்களைக் கண்டால் மட்டும் வாய் திறக்கும். பரிமாறுகிற போர்த்துக்கல் பெண் ஒருநாள் மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்டப்போக, அவளுக்கு ஒரு சொல் விளங்காத தமிழில் அவர் ஏசிய ஏச்சில் அவள் அழுதேவிட்டாள். போர்க்காலத்தில் பங்கர்க் குழிக்குள் ஒரு பிடி அரிசியைக் கஞ்சியாக்கி ஊருக்கே ஊற்றிய காலம் தெரிந்த மனிதர். அந்தக் குணம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

கடை முதலாளி மெங் கிழவர். சின்ன உருவம், எண்பதைத் தாண்டியவர், மனைவி இறந்து கனகாலம். சிவநேசன் அவரை எல்லாரும் கூப்பிடுவதுபோல, முதலாளி என்ற அர்த்தத்தில், "ஷெஃப்" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரின் ஜெர்மனும் ஒரே மாதிரி நொண்டும். அதனாலேயே ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

கடைக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவர் முழுக்கப் படங்கள். சீன ஊர்க்காட்சியோ டிராகனோ இல்லை. எல்லாம் ஆட்கள், எல்லாரும் மெங் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள். மெங் கிழவர் ஊரில் இருந்தும் புத்தகத்தில் இருந்தும் பத்திரிகையில் இருந்தும் சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டியவை. பெரிய ஞானி ஒருவர்; அவரை நல்ல பிள்ளையாக வளர்க்கவேண்டுமென்று தாய் மூன்று தரம் வீடு மாறினாளாம். அந்தத் தாயும் பக்கத்தில் தறியோடு இருந்தாள். மேசைப்பந்து மட்டையோடு சிரிக்கிற ஒரு பெண், வெள்ளை மேலங்கி போட்ட ஒரு விஞ்ஞானி, தாடிக்காரத் தளபதி ஒருவர். நடுவில், நீளக் கூந்தலை விரித்தபடி ஒரு பெண். அவளுடைய புருசனை அரசன் பெருஞ்சுவர் கட்டப் பிடித்துக்கொண்டு போனானாம். ஆள் திரும்பி வரவில்லை. அவள் நடந்தே போய்ச் சுவரடியில் இருந்து அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுந்து, உள்ளே அவனுடைய எலும்பு தெரிந்ததாம்.

இந்தப் படங்களுக்கு நடுவே ஓரிடத்தில் வெறும் ஆணி ஒன்று இருந்தது. அதன் கீழே சுவர் சதுரமாக வெளிறிக் கிடந்தது. முன்னொரு காலம் அங்கேயும் ஒரு படம் தொங்கியிருக்கவேண்டும்.

"இதில் யார் இருந்தது, ஷெஃப்?" என்று வேலைக்கு வந்த புதிதில் சிவநேசன் கேட்டார்.

"தெரியாது" என்றார் கிழவர். 

"நீங்கள்தானே எல்லாம் மாட்டினீர்கள்?"

"ஓம், நான்தான் மாட்டினேன். யார் என்றுதான் தெரியாது." அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காளான் வெட்டப் போய்விட்டார்.

கிழவருக்கும் கேட்க ஒரு கேள்வி இருந்தது. சிவநேசனுடைய குடும்பப் பெயர் எத்தனை தலைமுறைப் பழையது? சிவநேசன் சிரித்தார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, தகப்பன் பெயரைத்தான் வெளிநாட்டு அடையாள அட்டையில் அடித்துத் தந்திருக்கிறார்கள், என் பிள்ளைகளுக்கு என் பெயர், அவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர் என்று விளக்கினார். மெங் கிழவருக்குப் பெரிய அதிசயம். அப்படியானால் செத்த பிறகு உங்கள் ஆட்களை எப்படித் தேடிப்பிடிப்பீர்கள் என்று கேட்டார்.

"தேடத் தேவையில்லை, ஷெஃப். நாங்கள் மறக்கமாட்டோம்" என்றார் சிவநேசன்.

சமையல் நடக்கிற குசினியின் கதவுக்குப் பக்கத்தில், மற்றப் படங்களில் இருந்து தள்ளி, இன்னொரு மெங் இருந்தாள். பட்டுத்துணியில் வரைந்த பழைய படம். பாலத்தடியில் ஒரு கிழவி, கையில் அகப்பை, முன்னால் பானை. முகம் தெரியாது. பானையில் இருந்து எழும்பிய ஆவி முகத்தை மூடியிருந்தது. செத்துப்போகிற எல்லாரும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டுமாம். தாண்டும்போது அவள் ஒரு கிண்ணம் சூப் கொடுப்பாளாம். குடித்தால் பெற்றவர், பெண்டாட்டி, பிள்ளை, பட்ட பாடு எல்லாம் மறந்துபோய், வெறும் ஆளாக அடுத்த பிறப்புக்குப் போகலாமாம்.

கடையின் பேர்பெற்ற சூப்பை மெங் கிழவர் காலையில் கூட்டி வைப்பார். காளானும் தோஃபுவும் காய்ந்த அல்லிப்பூவும் போட்ட தனி மரக்கறிச் சூப். முதல் அகப்பை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் விழும். கிண்ணம் அந்தப் படத்தின் கீழே போகும். மதியச் சாப்பாடு முடிந்து, கடைபூட்டி, ஊழியர் இளைப்பாறுகிற சிம்மர்ஷ்டுண்டவில் கிழவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்கதவால் போய் ஆற்றில் ஊற்றுவார். ஒரு நாளும் தவறியதில்லை. சிவநேசனுக்கு வயிறு பற்றி எரியும். படைத்ததை ஆற்றில் கொட்டுவதா? ஆனால் முதலாளி. பேசாமல் இருந்துவிடுவார்.

இனிச் சிவநேசனின் வீட்டைச் சொல்லவேண்டும்.

வீட்டில் மனைவி கஜலக்சுமி. மகள் வேணுகா தூர ஊரான ஓஸ்டர்முண்டிகனில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். மகன் கோபிசன், அவன் சுவரில் இருந்தான். பள்ளிக்கூடச் சேட்டோடு, மேல் பொத்தான் பூட்டாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற படம். சிவநேசன் முதலில் இங்கே வந்தார். வருடக்கணக்காக இழுபட்டு விசா சரிவந்து குடும்பத்தைக் கூப்பிட்டபோது மகனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. அவனுக்கு இல்லை என்றுவிட்டார்கள். பின்னால் கூப்பிடலாம் என்று தாயும் தங்கச்சியும் விமானம் ஏறினார்கள். அடுத்த வருடம் வன்னிப் போரில் எல்லாம் முடிந்தது. கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக வெளியே வந்த கோபிசனைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் யன்னலால் கையைக் காட்டியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

கஜலக்சுமி அவன் படத்துக்கு மாலை போட விட்டதில்லை. ஒருமுறை தெரியாத்தனமாகக் கோயில் பூச்சரத்தைச் சட்டத்தில் கொளுவிய உறவுக்காரியைக் கதவைத் திறந்து வெளியே போ என்றாள். "மாலை போட்டால் செத்தவன் எண்டாயிடும். என்ரை பிள்ளை வருவான்" என்பாள். திவசம் இல்லை, விளக்கு இல்லை. ஆனால் மூன்று நேரமும் சோறு போடும்போது ஒரு கோப்பையில் அவனுக்கும் பங்கு போடுவாள். இரவு அந்தப் பங்கை அவளே சாப்பிடுவாள். சாப்பிட்டபின் சுவரைப் பார்த்துக்கொண்டு விடியவிடிய இருப்பாள். நித்திரைக் குளிசை, டாக்டர், மனநல ஆலோசகர் எல்லாம் பார்த்தாயிற்று. ஆளும் எலும்பும் தோலுமாக உருகிக்கொண்டு வந்தாள்.

ஒருமுறை அவளை மெங் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் கூந்தல் விரித்த பெண்ணின் கதையைச் சொன்னார். கஜலக்சுமி நெடுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள்.

"அவளுக்கெண்டாலும் எலும்பு கிடைச்சுது" என்றாள். பிறகு அந்தக் கடைப்பக்கமே அவள் வரவில்லை.

போன மாரி தொடக்கத்தில் மெங் கிழவர் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி, அங்கிருந்து முதியோர் இல்லம். கடைச்சாவி சிவநேசனின் கைக்கு வந்தது. கட்டிலில் கிடந்தபடி கிழவர் சொன்னது ஒன்றேதான்.

"முதல் கிண்ணம் அவளுக்கு. பிறகு ஆற்றுக்கு. ஆற்றுக்கு மட்டும்."

முதல் நாள் சிவநேசன் சொன்னபடி செய்தார். இரண்டாம் நாள் கிண்ணத்தை எடுக்கப் போனபோது கை சுட்டது. காலையில் வைத்த சூப். மத்தியானம் முழுக்கக் கதவுக் காற்றில் இருந்தது. மேலே ஆடை படியவில்லை. இப்போதுதான் இறக்கியதுபோல ஆவி வந்துகொண்டிருந்தது. கடைக்குள் அவரைத் தவிர ஒரு குஞ்சுகுருமான் இல்லை. படத்தைப் பார்த்தார். முகத்தை மூடிய ஆவி. கிண்ணத்தின் ஆவியும் மேலே போய் அதோடு கலந்தது. எங்கேயோ அகப்பை பானையில் தட்டுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. குசினியில் பார்த்தார். அகப்பைகள் ஆடாமல் தொங்கின.

பயந்த மனிதன் என்ன செய்யவேண்டும்? ஆற்றில் ஊற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டுத் திருநீறு பூசவேண்டும். இந்த மனிதருக்கு அப்போதும் சாப்பாட்டு நினைவுதான். சூடு ஆறாத நல்ல மரக்கறிச் சூப். சாமிக்குப் படைத்ததை யாராவது எறிவார்களா? பிரசாதம் அல்லவா? அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கஜலக்சுமி மச்சமாமிசம் தொடாத நாள், காலையில் இருந்து பச்சைத்தண்ணியோடு கிடக்கிறாள். ஒரு மூடிப்போத்தலில் ஊற்றினார். சுற்றி ஒரு துவாயைக் கட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"என்னப்பா இது?"

"கடையிலை சாமிக்கு வைச்சது. மரக்கறிதான். குடியும்."

கஜலக்சுமி குடித்தாள். முழுக்கக் குடித்துவிட்டு, போத்தலைச் சரித்து அடியில் இருந்ததையும் நக்கினாள். அவள் இப்படி ஆசையோடு ஒன்றைச் சாப்பிட்டு அவர் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளும் கொண்டுபோனார். அதற்கடுத்த நாளும்.

முதலில் நித்திரை வந்தது. குளிசை இல்லாமல், குறட்டை விட்டு, விடியும்வரை படுத்தாள். பிறகு கன்னத்தில் சதை வைத்தது. தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். ஒருநாள் சிவநேசன் வேலையால் வந்தபோது அவள் குசினியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் வெட்டினாள். கலியாணம் முடித்த புதிதில் கேட்ட குரல் அது. அவர் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். கடவுளே, இந்த மனிசி திரும்பி வந்திட்டாள் என்று நினைத்தார்.

சோற்றுக் கோப்பைகளை அன்றைக்குத்தான் கவனித்தார். மேசையில் இரண்டு கோப்பைதான் இருந்தது.

மறந்துபோனாள், களைப்பாக்கும் என்று தனக்குத்தானே சொன்னார். அடுத்த நாளும் இரண்டுதான். அவருக்குக் காரணம் தெரிந்ததா தெரியவில்லையா என்று கேட்டால், தெரிந்தது என்றுதான் சொல்லவேண்டும். கிழவர் சொன்ன பாலக்கதை ஞாபகம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் போத்தலைத் துவாயில் சுற்றினார். மனிசி சிரிக்கிறாளே! இவ்வளவு காலத்துக்குப் பிறகு சிரிக்கிறாளே! யாராவது ஒருவர் அந்த இடத்தில் நின்று போத்தலைக் கீழே வைத்துக் காட்டட்டும், பிறகு கதைக்கலாம்.

நத்தாருக்குக் கிட்ட வேணுகா கிறிஸ்மஸ் லீவில் வந்து நாலு நாள் நின்றாள். தாய் சிரிப்பதைக் கண்டு அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "என்னப்பா மருந்து குடுத்தனீங்கள்?" என்று தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவர் வேலைக்கு ஓடிவிட்டார்.

அவள் போன பிறகு ஒரு நாள், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டி, மலையில் இருந்து மூடுபனி தெருவுக்குள் இறங்கியிருந்தது. கஜலக்சுமி யன்னலடியில் பழைய பேப்பர்களைச் சேர்த்து, நகரசபை வண்டிக்காகக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். சிவநேசன் கோட்டைக் கழற்றிக் கொளுவப்போய்ச் சுவரைப் பார்த்தார். படம் இல்லை. அங்கே ஒரு வெளிறிய சதுரமும் ஆணியும் மட்டும் இருந்தன.

"இஞ்சை இருந்த படம் எங்கை?"

"எந்தப் படம்? ஓ, அதுவோ." அவள் பேப்பர்க்கட்டுக்குள் கையை விட்டு இழுத்தாள். விளம்பரத் தாள்களுக்கும் மிக்ரோஸ் கடைப் பேப்பருக்கும் நடுவில் கோபிசன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "கன நாளாக் கேக்க நினைச்சனான். ஆரப்பா இந்தப் பெடியன்? கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பேப்பரோடை போடுவம் எண்டு வைச்சனான்."

அவள் முகத்தில் நடிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. தெருவில் போகிறவனைப் பற்றிக் கேட்கிற முகம். ஐயோ, அறுவான், என்ன செய்துபோட்டன் என்று சிவநேசன் உள்ளுக்குள் அலறினார். அவளிடம் இருந்து படத்தை வாங்கினார். கோட்டுக்குள் வைத்தார். செருப்போடு பனியில் இறங்கி முதியோர் இல்லத்துக்கு நடந்தார்.

மெங் கிழவர் யன்னலைப் பார்த்துக் கதிரையில் இருந்தார். சிவநேசன் எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் திரும்பவேயில்லை.

"எவ்வளவு குடித்தாள்?"

"ஒவ்வொரு நாளும்."

"படத்தின் முன்னால் வைத்ததை."

"ஓம், ஷெஃப். நாங்கள் படைத்ததை எறிவதில்லை. சாப்பிடுவோம்."

கிழவர் சிரித்ததுபோல் இருந்தது. "முதலில் நானும் எறியவில்லை" என்றார். "என் மனைவிக்குக் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியாது. நானும் குடித்தேன், அதனால் தெரியாது. பக்கத்துக் கடை இத்தாலிக்காரன் பிறகு சொன்னான், எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்ததாம். மகளாம். படம்கூட இருந்ததாம்." 

கடைச்சுவரில் இருந்த வெறும் ஆணி சிவநேசனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அந்த இத்தாலிக்காரனைக் கேட்டால் பெயர் சொல்லமாட்டானா?"

"செத்துவிட்டான். அப்போது கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. எது பாரமோ அதைத்தான் அந்தச் சூப்புக் கிழவி எடுப்பாள். எடுத்த இடத்தில் வலிக்காது. அதுதான் பயம்." கிழவர் கம்பளியை இழுத்துப் போர்த்தினார். "நான் நன்றாகத் தூங்குகிறேன், சிவா. மெங் பெயரில் உள்ள எல்லாரையும் தேடித்தேடிச் சுவரில் மாட்டினேன். மகளை மட்டும் காணவில்லை."

"திருப்பி வராதா, ஷெஃப்?"

"ஆற்றைத் திருப்பமுடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார்.

வாசலுக்கு வந்ததும் சிவநேசன் வேணுகாவுக்குப் போன் அடித்தார். அவளாவது இருக்கிறாள், தாய்க்கு எடுத்துச் சொல்லுவாள் என்ற ஒரே நம்பிக்கை.

"மகள், அம்மா அண்ணாவை மறந்திட்டா. நீ ஒருக்காக் கதை குஞ்சு."

"எந்த அண்ணாப்பா? சித்தப்பான்ரை நிருசன் அண்ணாவையோ?"

"உன்ரை அண்ணா! கோபி!"

"அப்பா, உங்களுக்கு என்ன செய்யுது? நான் ஒரே பிள்ளையெல்லோ. காய்ச்சல் காயுதோ? அம்மா எங்கை, அம்மாட்டைக் குடுங்கோ."

"நீ அந்தச் சூப்பைக் குடிச்சனியோ?" 

"அம்மா ஒவ்வொரு நாளும் பாதி தந்தவ. நல்ல சூப்பப்பா. நல்லா நித்திரை வந்தது. ஏன் கேக்கிறீங்கள்?"

அவர் போனை வைத்துவிட்டார். பனிக்குள் தெருவிளக்குகள் மஞ்சளாகத் தெரிந்தன. பஸ் யன்னலால் கை காட்டிய பிள்ளை. அவனைப் பெற்றவள் இப்போது வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு சமைக்கிறாள். கூடப்பிறந்தவள் தான் ஒற்றைப்பிள்ளை என்கிறாள். இந்த உலகத்தில் கோபிசன் என்று ஒருவன் பிறந்து, மாங்காய்க்குக் கல்லெறிந்து, முழங்கால் உரசி, பரீட்சைக்கு முதல்நாள் வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னதை நெஞ்சில் வைத்திருக்க இனித் தான் ஒருவர்தான் மிச்சம் என்று அவருக்கு உறைத்தது. வீதியோரம் இருந்த மரவாங்கிலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த நாள் முதல் கிண்ணத்தை வைக்காமல் விட்டுப்பார்த்தார். மதியத்துக்குள் சூப்பானை முழுக்கப் புளித்து நுரைத்தது. கடையில் சாப்பிட வந்தவர்கள் தாங்கள் ஓடர் பண்ணியதையே மறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். போர்த்துக்கல் பெண் தன் மகனின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்லமுடியாமல் திகைத்து நின்றாள். சிவநேசன் பதறிப்போய் ஒரு கிண்ணம் வார்த்துப் படத்தின் கீழே வைத்தார். போர்த்துக்கல் பெண்ணுக்கு மகனின் பெயர் வந்தது. மேசைகளில் கதை தொடங்கியது. படத்துக் கிழவிக்குரியதை அவளுக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று விளங்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம், கடைபூட்டிய பிறகு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றடிக்குப் போனார். சூடு உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. வாசம் மூக்கில் ஏறியது. ஒரு மிடறு போதும். பிறகு வீட்டில் மூன்று பேரும் சந்தோசமாக இருக்கலாம். யாரும் யாரையும் தேடவேண்டியதில்லை. கிண்ணம் உதட்டுக்கு வந்தது. பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது, ஆவி முகத்தை மூடியது. கோட்டுக்குள் படத்தின் சட்டம் நெஞ்செலும்பில் குத்தியது.

"போடி, கோதாரி!" என்று கத்திக்கொண்டு கிண்ணத்தை ஆற்றில் கவிழ்த்தார். 

திரும்பி வந்து, படத்தைக் கோட்டில் இருந்து எடுத்தார். வீட்டில் மாட்டமுடியாது. அடுத்த பேப்பர்க்கட்டோடு போய்விடும். பெட்டியில் பூட்டமுடியாது. தான் செத்த பிறகு யார் என்று தெரியாமல் எறிவார்கள். இந்த ஊரில் இனி யாரையும் கழற்றாத சுவர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஞானியின் தாய்க்கும் கூந்தல் விரித்தவளுக்கும் நடுவில், வெறும் ஆணியில், கோபிசனை மாட்டினார். கண்ணாடியைச் சேட்டு நுனியால் துடைத்தார். சாப்பிட வருகிறவர்கள் கேட்டால், இவரும் மெங்தான் என்பார். அவர்கள் தலையாட்டிவிட்டுச் சூப்பைக் குடிப்பார்கள். ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது படத்தின் முன்னால் நின்று மகனின் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். நாக்கில் வந்தால் அன்றைய வேலையைத் தொடங்குவார்.

மாசி மாதத்தில் மெங் கிழவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தக் கிழமை கஜலக்சுமி, "அந்த மனிசன்ரை கடையை ஒருக்காப் பாக்கவேணும்" என்று தானாகவே வெளிக்கிட்டாள். அங்கே முன்பு வந்ததோ, எதற்காகப் பிறகு வராமல் இருந்தாள் என்பதோ அவளுக்கு ஞாபகம் இல்லை. சிவநேசன் தங்களுக்கென்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்துச் சுவரோர மேசையில் வைத்தார். கடை பூட்டிய நேரம். வெயில் ஒரு கீற்றாகப் படங்களில் விழுந்துகொண்டிருந்தது.

கஜலக்சுமி இரண்டு கோப்பையில் சோறு போட்டாள். பிறகு பக்கத்து மேசையில் இருந்து இன்னொரு கோப்பையை எடுத்தாள். அதிலும் போட்டாள். பருப்பை விட்டாள். கத்தரிக்காயில் நல்ல துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள்.

சிவநேசன் மூன்றாவது கோப்பையைக் காட்டினார். "அது ஆருக்கப்பா?"

அவள் கோப்பையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். "தெரியேல்லை. கை தன்ரை பாட்டிலை போகுது." கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் சிரித்தாள். நிமிர்ந்தபோது கண் சுவரில் நின்றது. "உது ஆர், உந்தப் பெடியன்? சீனாக்காரர் மாதிரி இல்லையே."

சொல்லலாம். உன்ரை பிள்ளை எண்டு ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அவள் இன்றைக்குத்தான் அவனைத் தொலைப்பாள், புதிதாக, முதலில் இருந்து. அவளுடைய உருண்ட கன்னத்தையும் தெளிந்த கண்ணையும் பார்த்தார்.

"மெங்கின்ரை பிள்ளை" என்றார்.

"இப்ப எங்கை?"

"தெரியாது. பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்களாம். திரும்பி வரேல்லை."

கஜலக்சுமி எழும்பிப் போய்ப் படத்துக்குக் கிட்ட நின்றாள். அவனுடைய பூட்டாத பொத்தானைக் கண்ணாடிக்கு மேலால் விரலால் தொட்டாள். திரும்பி வந்து, மூன்றாவது கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் அவன் படத்துக்குக் கீழே இருந்த மேசையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, உதுக்கு மாலை கீலை போட்டிடாதேங்கோ, என்ன" என்றாள். "பாவம். தாய் தேடிக்கொண்டிருப்பாள்."